தற்போதைய முகவரி

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் வட்டத்தின் பிப்ரவரி மாதக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில கணக்குகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



ஏப்ரல் பொதுக்குழுவுக்கான நிகழ்ச்சி நிரல் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும். அதில் ஏழாவது பொருளைப் பலரும் படித்திருக்க மாட்டீர்கள். ஆறாவது பொருள் லிஃப்ட் மாற்றுவது; எல்லோர் கண்ணும் அந்தத் தொகையிலேயே நின்றுவிட்டது. ஏழாவது ஒரே ஒரு வாக்கியம்தான். குடியிருப்பில் உள்ள வீடுகளைக் குடும்பங்களுக்கு மட்டுமே வாடகைக்கு விட வேண்டும், கல்லூரி மாணவர்களுக்கும் திருமணமாகாதவர்களுக்கும் விடக் கூடாது என்று விதியைத் திருத்துகிறார்கள்.

இதற்கு விதை போட்டவன் நான்தான். 2019-இல் நான் பொருளாளர். பி பிளாக் மூன்றாவது மாடியில் நான்கு மாணவர்கள் குடியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை இரவு மொட்டை மாடியில் பிறந்தநாள் கேக், பாட்டு, பன்னிரண்டு மணிக்கு மேலும் சத்தம். காலையில் கைப்பிடிச் சுவரின் மேல் இரண்டு பீர் பாட்டில்கள். ஏழு நாளில் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று அந்த வீட்டு ஓனருக்குக் கடிதம் எழுதியது நான். அது நவம்பர் மாதம். கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு நடக்கும் மாதம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஐந்தாம் நாளே ஒரு லோடு ஆட்டோவில் பாய், பக்கெட், புத்தகம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. பார்க்கிங் ஸ்டிக்கரை மட்டும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அப்படிப்பட்டவன் இன்று ஏழாவது பொருளை எதிர்த்துப் பேசுகிறேன். மனம் மாறியதற்கு ஒரு காஸ்ட் அக்கவுண்டிங் கணக்குதான் காரணம்.

நான் காலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். போன வருடம் ஆகஸ்டில் ஒரு நாள், இரவுப் பணியில் இருந்த செக்யூரிட்டி தம்பி கேட் பக்கத்து மேசையில் நோட்டை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார். வருகைப் பதிவேடு என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பிராசஸ் காஸ்டிங் கணக்கு. நார்மல் லாஸுக்கும் அப்நார்மல் லாஸுக்கும் ஒரே விலை போட்டிருந்தார். "தம்பி, நார்மல் லாஸுக்குக் கழிவாக விற்றால் என்ன கிடைக்குமோ அது மட்டும்தான். அப்நார்மல் லாஸைத்தான் நல்ல சரக்கின் அடக்க விலையில் போடணும்" என்றேன். நாற்பது வருடம் கழித்தும் அது வாயில் வந்தது எனக்கே ஆச்சரியம். அவர் எழுந்து நின்று, "சார், நீங்க காமர்ஸா?" என்று கேட்டார். அன்றைக்கு நடைப்பயிற்சி இல்லை.

அவர் விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு கிராமம். இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். இரண்டாம் ஆண்டு, மதிய ஷிஃப்ட். ஒரு மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடியும். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை நம் கேட். எட்டரைக்கு மேல் பம்ப் ரூமை ஒட்டிய செக்யூரிட்டி அறைக் கட்டிலில் தூக்கம். "தம்பி, சம்பளத்துக்காகவா இந்த வேலை?" என்று கேட்டேன். "சம்பளமும்தான் சார். ஆனா கட்டில் இருக்குன்னு சொன்னாங்க" என்றார்.

அந்தக் கட்டிலுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைப் பல காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இங்கே சொல்லலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்கிவிட்டுத்தான் பேசுகிறேன்.

கல்லூரி விடுதி கேட்டார், இடம் இல்லை. தாம்பரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கினார். ஒரே அறையும் சமையலறையும் உள்ள வீடு. சித்திக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. யாரும் போகச் சொல்லவில்லை, அவரே கிளம்பிவிட்டார். பிறகு ஆறு பையன்கள் சேர்ந்து ஒரு மாடி அறையை எடுத்தார்கள். நான்கு பேர் என்று சொல்லி எடுத்தது. ஆறு ஜோடி செருப்பைப் பார்த்த வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். பெயின்ட் அடிக்கிற செலவு என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். பொய் சொன்னது பையன்கள் தப்புதான். அதற்கும் பெயின்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அடுத்து ஒரு நண்பனின் அரசு விடுதி அறையில் 'கெஸ்ட்'. ஒரே கட்டிலில் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். வார்டன் சோதனைக்கு வரும் நாளில் சுவர் ஏறி வெளியே போய்விட வேண்டும். அப்படிப் போன மூன்று இரவுகள் தாம்பரம் ரயில் நிலைய பெஞ்சில். போலீஸ் எழுப்பினால் காட்டுவதற்குக் கையில் எப்போதும் ஒரு விழுப்புரம் டிக்கெட் வைத்திருப்பாராம். மூன்றாம் இரவு முடிந்ததும்தான் செக்யூரிட்டி ஏஜென்சியின் போர்டைப் பார்த்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு மாமி இதைக் கேட்டுவிட்டு, "தினமும் ஊர்லேர்ந்து ரயிலில் வந்துபோகலாமே" என்றார். பஸ்ஸையும் சேர்த்தால் ஒரு வழிக்கு நாலு மணி நேரம். முதல் செமஸ்டரில் அதையும் ஒரு மாதம் செய்து பார்த்திருக்கிறார்.

வீடில்லாத மாணவன் என்றால் பிளாட்பாரத்தில் படுத்திருப்பவன் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இருந்தால் கண்ணில் பட்டுவிடும். இவர்கள் எந்த இரவும் எங்கேயோ ஒரு கூரைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அந்தக் கூரை அடுத்த வாரம் இருக்குமா என்பதுதான் தெரியாது.

இதை நான் வேலையில் இருந்த காலத்திலேயே பார்த்திருக்க வேண்டும். கவுன்டரில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவன். ஜூலை, ஆகஸ்டில் உதவித்தொகைக்காகக் கணக்குத் திறக்கும் மாணவர்களின் வரிசை வாசல் வரை நிற்கும். விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி. முதல் கட்டத்தைக் கதவு எண்ணிலிருந்து தாலுகா வரை அழகாக எழுதியிருப்பார்கள். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும், அல்லது கல்லூரியின் பெயர் இருக்கும், அல்லது அடித்துத் திருத்தியிருக்கும். "தற்போதைய முகவரி எழுதலையே" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளுவேன். அந்தப் பிள்ளை ஓரமாக நின்று யோசித்து, கடைசியில் யாரோ நண்பனுடைய முகவரியை எழுதித் தரும். பத்து நாளில் ஏடிஎம் கார்டு தபாலில் போகும். அடுத்த பதினைந்து நாளில் 'முகவரியில் இல்லை' என்ற குறிப்போடு அந்தக் கவர் கிளைக்கே திரும்பி வரும். ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் அடுக்குவோம். யாரும் வந்து வாங்காவிட்டால் குறிப்பிட்ட காலம் கழித்துக் கார்டை வெட்டி அழிக்க வேண்டும். எத்தனை கார்டுகளை என் கையால் வெட்டியிருப்பேன்! பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று சக ஊழியரிடம் சொல்லிக்கொண்டே வெட்டினேன்.

இத்தனைக்கும் நானே அப்படி இருந்தவன். 1979-இல் பி.காம். சேர்ந்தபோது, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் அப்பாவின் நண்பர் மகனுடைய அறையில் 'கெஸ்ட்'டாக ஒன்பது மாதம் இருந்தேன். அறைக்கு உரியவர் இரண்டு பேர். நான் கணக்கில் வராத மூன்றாவது ஆள். மேனேஜர் தூங்கப் போன பிறகு படியேறி, அவர் எழுவதற்கு முன் குளித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். மாதக் கடைசியில் அவர் பதிவேட்டோடு அறை அறையாக வரும் நாட்களில் மெரினா மணல்தான். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கே இந்த உரையை டைப் செய்து கொடுத்தபோதுதான் தெரிந்தது. பிறகு அண்ணனுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது, பிழைத்தேன். அண்ணனுக்கு மாற்றல் வந்திராவிட்டால் எனக்கு வங்கி வேலையும் இல்லை, இந்தக் குடியிருப்பில் வீடும் இல்லை.

சரி, இன்றைக்கு இடம் ஏன் போதவில்லை? முதல் காரணம் நல்ல காரணம். நம் மாநிலத்தில் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் எடுத்தால் 28.4 சதவீதம். குடும்பத்திலேயே முதல்முறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் இதில் ஏராளம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசின் சமூகநீதி விடுதிகள் (2025 ஜூலையில் வைத்த பெயர், முன்பு ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று தனித்தனியாகச் சொல்லிவந்தோம்) இல்லாமல் இவர்களில் பலர் கல்லூரி வாசலையே பார்த்திருக்க முடியாது. ஆனால் கல்லூரி வகுப்பில் ஒரு பெஞ்சைச் சேர்ப்பது போல விடுதியில் ஒரு கட்டிலைச் சேர்க்க முடிவதில்லை.

மீதிப் பேர் தனியார் விடுதிக்குப் போக வேண்டும், அல்லது நம்மைப் போன்ற வீடுகளுக்கு வர வேண்டும். நம் பகுதியில் ஐந்து பிஜி விடுதிகளில் நானே போய் விசாரித்தேன். மூன்று பேர் அறையில் ஒரு கட்டில், சாப்பாட்டுடன், 6,500 முதல் 8,000 வரை. ஒரு மாதம் தவறினால் பெட்டி வெளியே வந்துவிடும். மே மாதம் ஊருக்குப் போனாலும் கட்டிலைத் தக்கவைக்கப் பாதி வாடகை கட்ட வேண்டும்.

இந்த விடுதிக் கட்டணத்துக்கே ஜி.எஸ்.டி. போடுவதா வேண்டாமா என்று ஒரு வழக்கு நடந்தது. பெண்கள் விடுதிகள் தொடர்ந்த வழக்கில், இதுவும் குடியிருப்புதான், வரி கூடாது என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சிலும், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாட்களாவது தங்கினால் வரி இல்லை என்று முடிவெடுத்தது. உங்கள் உறவில் யாராவது பிஜியில் இருந்தால் பில்லை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பழைய தொழில் புத்தி. கல்விக் கடனில் விடுதிச் செலவும் சேரும் என்பது பலருக்குத் தெரியும். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே தங்கினாலும், நியாயமான தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம் என்பது தெரியாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே அது இருக்கிறது. 7.5 லட்சம் வரை பிணைச் சொத்து கேட்பதில்லை. நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்களின் பிள்ளைகளில் கல்லூரி போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள். தற்போதைய முகவரி எழுதவில்லை என்று திருப்பி அனுப்ப மாட்டேன்.

இனி வீடு. மாணவர்களுக்கு வீடு கொடுக்க நாம் ஏன் பயப்படுகிறோம்? 2012 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஜனவரியில் பெருங்குடியிலும் பிப்ரவரியில் கீழ்க்கட்டளையிலும் பட்டப்பகலில் வங்கிக் கொள்ளை. துப்பாக்கியோடு வந்தார்கள். அந்த மாதம் முழுவதும் கவுன்டரில் ஹெல்மெட் போட்ட யார் வந்தாலும் என் கை அலாரம் பக்கம் போகும். பிறகு வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் போலீஸ் என்கவுன்டரில் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, வாடகைக்கு இருப்பவர்களின் விவரங்களை ஓனர்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை போலீஸ் உத்தரவு போட்டது. உத்தரவு கேட்டது விவரத்தைத்தான். நாமோ விவரம் வாங்குகிற வேலையே வேண்டாம் என்று, இளைஞர்களுக்கு வீடே இல்லை என்று போர்டு மாட்டிவிட்டோம். ஒரு படிவம் நிரப்பச் சோம்பல்பட்டு பதினான்கு வருடமாக ஒரு தலைமுறையையே வெளியே நிறுத்தியிருக்கிறோம். அதே போர்டில் சில இடங்களில் 'வெஜிடேரியன் மட்டும்' என்றும் இருக்கும். அது உண்மையில் எதைக் கேட்கிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், அதை விவரிக்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். அவர்கள் ரயில் நிலைய பெஞ்சில் படுக்க முடியாது, மெரினாவுக்கும் போக முடியாது. கிடைத்த இடத்தில் சகித்துக்கொண்டு இருப்பார்கள், அல்லது படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போவார்கள். பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்த 2014-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ரகசியக் கேமராக்களை அங்கே தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்த பிறகுதான், எந்த விடுதிக்கு உரிமம் இருக்கிறது என்று நகரம் முழுக்கத் தேட ஆரம்பித்தார்கள். பேத்தி வெளியூரில் படிக்கப் போகிறாள் என்றால் மெனு கேட்பதற்கு முன் உரிமத்தைக் கேளுங்கள்.

வெளியூர் என்றதும் வெளிநாடு ஞாபகம் வருகிறது. இந்தக் கூட்டத்திலேயே ஆறு பேருக்காவது பிள்ளையோ பேரனோ வெளிநாட்டில் மாணவர்கள். கனடாவுக்கு அனுப்பியவர்களுக்குத் தெரியும்: அங்கே தங்கிப் படிக்கக் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்தது. அதே மாதம் மாணவர் அனுமதிகளின் எண்ணிக்கைக்கும் அந்த அரசு உச்சவரம்பு வைத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, வீடு போதவில்லை என்பது. நம் பிள்ளைகள் அங்கே ஒரு பேஸ்மென்டில் ஐந்து பேராக இருக்கிறார்கள் என்று கேட்டு நாம் கண்கலங்குகிறோம். அந்த ஊர்க்காரர் யாராவது 'மாணவர்களுக்கு வீடு கிடையாது' என்று சொன்னால் நமக்கு எவ்வளவு கோபம் வரும்!

அமெரிக்காவில் கலிபோர்னியாவில், வீடில்லாத மாணவர்கள் கல்லூரிக் குளியலறையைப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்று சமுதாயக் கல்லூரிகளுக்கு 2016-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். லாங் பீச் சிட்டி காலேஜ் 2021-இல், காரிலேயே தூங்கும் மாணவர்களுக்கு இரவில் பாதுகாப்பாக நிறுத்தத் தன் பார்க்கிங்கைத் திறந்துவிட்டது. அங்கே மாணவனிடம் கார் இருக்கிறது, அதனால் அவன் எங்கே தூங்குகிறான் என்பதை எண்ண முடிகிறது.

உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். அவை பொய்யல்ல; என் வாயிலிருந்தே வந்தவை. சத்தம் போடுவார்கள். ஒரு வீட்டுக்கு நான்கு பைக் வரும். தண்ணீர் செலவாகும். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாது. ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இதில் கடைசி ஒன்றுதான் உண்மையிலேயே கஷ்டமானது என்பது என் கருத்து. மற்றவற்றைப் பற்றி, அலுவலகத்தில் இருக்கும் புகார் நோட்டைச் செயலாளர் அனுமதியோடு ஒரு மாலை முழுக்கப் புரட்டினேன். நாய், பார்க்கிங், மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு, நாய், காலையில் மிக்ஸி, மறுபடியும் நாய். 2019-க்குப் பிறகு இங்கே மாணவர்களே இல்லை. நோட்டு மட்டும் மெலியவில்லை.

நான் வைக்கும் மாற்று யோசனை இது. தடை வேண்டாம். ஒரு வீட்டுக்கு நான்கு பேர், அதற்கு மேல் கூடாது. நால்வர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல், காவல் நிலையத்தில் கொடுத்த படிவத்தின் நகல் மூன்றும் சங்கத்திடம் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் பெற்றோரில் ஒருவர் ஒரு தடவையாவது இங்கே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பைக்குக்கு மட்டும் ஸ்டிக்கர். இரவு பத்து மணிக்கு மேல் மொட்டை மாடி யாருக்கும் இல்லை. யாருக்கும் என்றால் நம் பேரன்களுக்கும்தான். புகார் வந்தால் எழுத்தில் ஒரு எச்சரிக்கை, இரண்டாவது எச்சரிக்கை, அதன் பிறகு காலி செய்ய ஒரு மாத அவகாசம். அந்த மாதம் தேர்வு மாதமாக இருந்தால் தேர்வு முடியும் வரை.

முன்பணம் பற்றி ஓனர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைதான். இருவரும் ஒப்புக்கொண்டு எழுதினால் மட்டுமே அதற்கு மேல். ஒப்புக்கொள்ளாமல் வேறு போக்கில்லாதவனிடம் வாங்கும் சம்மதத்தை என்னவென்று சொல்வது என்று நீங்களே பாருங்கள். பத்து மாத முன்பணம் என்ற பழைய சென்னை வழக்கம் மாணவனைப் பொறுத்தவரை பூட்டிய கதவுதான்.

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த ஆதாயம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். சி பிளாக்கில் என் மகன் பெயரில் உள்ள இரண்டு படுக்கையறை வீடு மே மாதக் கடைசியில் காலியாகிறது. அதை நான்கு மாணவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். ஏழாவது பொருள் நிறைவேறினால் முடியாது.

கணக்கு இப்படி: வாடகை 13,000, மெயின்டனன்ஸ் 2,000. நான்காக வகுத்தால் தலைக்கு 3,750. மின்சாரமும் கேஸும் 350. சேர்ந்து சமைத்தால் சாப்பாட்டுக்கு 2,200 ஆகலாம் என்கிறார்கள் பையன்கள். என் மனைவி சிரித்தாள், ஆனால் அதையே எழுதுகிறேன். மொத்தம் 6,300. வரவுப் பக்கம்: அரசு தரும் 1,000, ஊரிலிருந்து அம்மா அனுப்பும் 2,000, சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் பரிமாறும் வேலைக்கு நாளொன்றுக்கு 500 வீதம் எட்டு நாளைக்கு 4,000. மொத்தம் 7,000. கையில் மிஞ்சுவது 700. அதில்தான் பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம், சோப்பு எல்லாம். பிஜியை விட இது பெரிய மலிவு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வருடத்துக்கு எழுத்தில் இருக்கும். முன்பணம் 39,000, தலைக்கு 9,750. அதை ஒரே தடவையில் தர முடியாது. பத்து மாதத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மகனுக்கு இதில் அவ்வளவு திருப்தி இல்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.

வரவுப் பக்கத்தில் நான் எழுதியது யாருடைய கணக்கு என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தத் தம்பி இப்போது நம் கேட்டில் இல்லை. போன நவம்பரில், தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்பு, ஏஜென்சி அவரை ஒரகடத்தில் ஒரு கிடங்குக்கு மாற்றிவிட்டது. பகலில் யாரோ செக்யூரிட்டி அறையில் தூங்குகிறார்கள் என்று நம்மில் ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட படம்தான் காரணம். போட்டவர் மேல் எனக்குக் குறை இல்லை, அவருக்கு விவரம் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்கு குரூப்பில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

போன வாரம் போனில் பேசினேன். ஒரகடத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள்தான் கல்லூரிக்கு வர முடிகிறதாம். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. அபராதம் கட்டி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 52 மதிப்பெண். "பிராசஸ் காஸ்டிங் வந்துச்சு சார், சரியா போட்டேன்" என்றார். ஜூனில் மூன்றாம் ஆண்டு. "வீடு உறுதியா சார்?" என்று கேட்டார். ஏப்ரல் பொதுக்குழு முடிந்ததும் சொல்கிறேன் என்றேன்.

வரைவு ஒப்பந்தத்தின் நகலும் ஏழாவது பொருளுக்கு நான் கொடுத்திருக்கும் திருத்தமும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 5 முதல் 7 வரை நானும் அங்கே இருப்பேன். எதிர்த்து வாக்களிக்கப் போகிறவர்கள் அவசியம் வாருங்கள்; விதிகளில் ஓட்டை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அடைத்துவிடலாம். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் ஓனர்கள் பொதுக்குழுவுக்கு வர முடியாவிட்டால், எழுத்தில் அதிகாரம் கொடுத்து ஒருவரை அனுப்ப மறக்க வேண்டாம்.